வாய் பொருந்தாத காட்சி

உள்ளே வா, கண்ணு. செருப்பை உள்ளேயே விடு. இந்த அடுக்குமாடியில் வாசலில் விட்டால் நாய் தூக்கிக்கொண்டு போய்விடும். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும். கட்டிலில் உட்கார்.

நீ அருள்கனி. செல்லக்கனியின் மகள். முகவாயைப் பார்த்தாலே தெரிகிறது. உன் அம்மாவின் முகவாய் எனக்கு மனப்பாடம். அவளோடு நான் பேசியது வாழ்நாளில் ஒரே ஒரு முறை, ஆனால் அவள் வாயை ஆறு நாள் பார்த்திருக்கிறேன். நீயே அவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டாய்.

நீ கேட்க வந்தது ஒரே கேள்வி. அந்தக் காட்சியில் உன் அம்மா உண்மையில் என்ன சொல்கிறாள், அதுதானே? போனில் கேட்டபோதே சொல்லியிருக்கலாம். ஆனால் இதெல்லாம் போனில் சொல்கிற விஷயம் இல்லை. வாயைப் பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம்.

போனைப் பதிவில் போட்டுக்கொள்கிறாயா? போடு. முதலில் என் பெயரை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். எஸ். சாரதாமணி. பின்னணிக் குரல் கலைஞர். முந்நூற்றுப் பன்னிரண்டு படம். ஒன்றில்கூட என் பெயர் திரையில் வந்ததில்லை. காபி வாங்கிக் கொடுத்தவன் பெயர் வரும். குதிரைக்காரன் பெயர் வரும். கதாநாயகி வாயைத் திறந்தால் வருகிற குரலுக்குப் பெயர் கிடையாது. நான் குறையாகச் சொல்லவில்லை. இருப்பதைச் சொல்கிறேன்.

‘முப்பதாம் வளைவு’ வெளிவந்து நாற்பது வருஷம் ஆகிறது. வந்தபோது பத்து நாள் ஓடியது. பிறகு யாரோ அதை இணையத்தில் ஏற்றிவிட்டார்கள். இப்போது நாற்பத்தொரு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். படத்துக்குக் கீழே ஆறாயிரத்துச் சொச்சம் கருத்து. எல்லாவற்றையும் படித்துவிட்டேன். தினமும் காலையில் பால் காய்ச்சிவிட்டு உட்கார்ந்தால், புதிதாக வந்ததைப் படித்து முடிக்கப் பத்து மணி ஆகும். படிக்கிற ஆள் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். பரந்தாமன் சார் படிப்பதில்லை. இயக்கியவர் அவர்தான், ஆனால் அவருக்குக் கண் தெரிவதில்லை. மகன் நிகில் நல்லதை மட்டும் படித்துக் காட்டுகிறானாம்.

நல்லதும் இருக்கிறது. “இவ்வளவு கம்மி செலவுல இப்படி ஒரு பயம் காட்ட இன்னிக்கு ஒருத்தனாலயும் முடியாது” என்று ஒருவர். “சின்ன வயசுல பாத்துட்டு ஒரு மாசம் அம்மா பக்கத்துல படுத்தேன்” என்று ஒருவர். கேலியும் இருக்கிறது. படத்தில் எல்லாம் இரவு, ஆனால் பிடித்ததெல்லாம் பகலில். லென்சுக்கு முன்னால் நீலக் கண்ணாடியை வைத்து இரவாக்கினார்கள். விளக்குக்கு ஏது வசதி? அதை ஒருவன் கண்டுபிடித்துவிட்டான். “நிலா வெளிச்சத்துல ஹீரோவுக்கு வேர்த்து ஊத்துது” என்று எழுதியிருக்கிறான். பேய் கையில் கடிகாரம் இருக்கிறதாம். அதற்கு இன்னொருவன், “பேய்க்கும் பஸ் புடிக்கணும்ல” என்கிறான். புகை வேண்டும் என்றால் மெஷினா இருந்தது? சாம்பிராணிச் சட்டிதான். “பேய் வருதா சாமி வருதா, கன்னத்துல போட்டுக்கறதா வேணாமா” என்று ஒரு பெண். சிரித்துவிட்டேன். நியாயமான கேள்வி.

ஆனால் எவன் கேலி செய்தாலும், எவள் பாராட்டினாலும், கடைசியில் அந்த ஒரு இடத்துக்குத்தான் வருவார்கள். ஒரு மணி பன்னிரண்டாவது நிமிடம். மரவீட்டுக்குள் கதாநாயகி தனியாக மாட்டிக்கொள்கிறாள். கதவைத் தட்டுகிறாள். புகை சூழ்கிறது. கத்துகிறாள். “ஹெட்போன் போட்டுட்டு இதைக் கேக்காதீங்க, நான் கேட்டு இன்னும் தூங்கல.” “இந்தக் கத்தலுக்கு ஒரு விருது குடுத்திருக்கணும்.” “இந்த நடிகை அப்புறம் ஏன் நடிக்கல?” இப்படி எழுநூறு, எண்ணூறு.

அது நடிகை கத்தியது இல்லை. நான் கத்தியது.

அதை எழுதினேன். பொறுமையாக, பிழை இல்லாமல் எழுதினேன். ‘மேற்படி காட்சியில் ஒலிக்கும் குரல் நடிகை ரூபரேகாவின் குரல் அல்ல. எஸ். சாரதாமணியாகிய என்னுடையது.’ ரூபரேகா என்பது படத்துக்காக உன் அம்மாவுக்கு அவர்கள் வைத்த பெயர். மூன்று பேருக்குப் பிடித்தது. அதில் ஒருத்தி நான். ஒருவன், “பாட்டி, மாத்திரை போட்டீங்களா?” என்று கேட்டிருந்தான். அதற்கு நூற்றுப்பத்துப் பேருக்குப் பிடித்திருந்தது.

சரி, சரி. உன் விஷயத்துக்கு வருகிறேன். முகத்தைப் பார்த்தால் தெரிகிறது.

உன்னைத் தூண்டிவிட்டது அந்தத் திருநெல்வேலி வாத்தியார். காது கேளாதவர், காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவர். அதுவரைக்கும் எல்லோரும் அந்த இடத்தைக் கேலிதான் செய்தார்கள். “வாய் ஒரு பக்கம் போகுது, குரல் ஒரு பக்கம் போகுது” என்று. அவர்தான் எழுதினார்: “எனக்கு வசனம் கேட்காது. நான் வாயை மட்டும் பார்ப்பேன். இந்தப் பெண் ‘பேய்’ என்று சொல்லவில்லை. சார் என்று சொல்கிறாள். பத்துத் தடவை. மற்றதைப் புகை மறைக்கிறது.”

அதன் கீழேயும் சிரித்திருந்தார்கள். ‘சார் பேய்’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். உன் அம்மா போய் அப்போது இரண்டு மாதம் ஆகியிருக்கும், இல்லையா?

அவர் எழுதியது சரி. நீ பேய் என்று சொல்லிப் பார். பார்த்தாயா, உதடு ஒட்டிப் பிரிகிறது. சார் என்று சொல். ஒட்டவே இல்லை. ஒட்டாத வாய்க்கு ஒட்டுகிற சொல்லைப் போட்டால் மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரியும். எங்கள் வேலையில் முதல் பாடம் அதுதான். அதனால் அந்தக் காட்சியைப் பற்றி யார் கேலி செய்தாலும் எனக்கு இங்கே குத்தும். சாரதாமணி வாய் பொருந்தாமல் பேசுவாள் என்று ஆகிவிட்டது பார்.

அந்த மரவீடு என்ன வீடு தெரியுமா? அம்மா சொன்னதில்லையா? ஒன்றுமே சொன்னதில்லையா? காலில் அந்தத் தழும்பு எப்படி என்று கேட்டால்? கஞ்சி கொட்டிவிட்டது என்றா. அப்படியா.

மலையில் யூக்கலிப்டஸ் தைலம் காய்ச்சுகிறவர்கள் கட்டிப்போட்ட பலகை வீடு அது. அவர்கள் காலி செய்துவிட்டுப் போனபின் சும்மா கிடந்தது. வாடகை இல்லாமல் கிடைத்தது என்று பரந்தாமன் சார் பெருமையாகச் சொல்வார். தரைப் பலகையெல்லாம் வருஷக்கணக்காகத் தைலம் குடித்திருந்தது. அதன்மேல்தான் சாம்பிராணிச் சட்டியை வைத்தார்கள். உள்ளே கேமரா வைக்க இடமில்லை. சுவரில் ஒரு பலகையைக் கழற்றி, அந்த இடுக்கு வழியாக வெளியே இருந்து படம் பிடித்தார்கள். முதல் இரண்டு டேக்கில் உன் அம்மா கதவைத் தட்டினாள், கதவு திறந்துகொண்டது. இன்னும் ஒரு டேக்குக்குத்தான் பிலிம் மிச்சம். அதனால் வெளியே தாழ்ப்பாள் போட்டார்கள். அவளிடம் சொன்னார்களா என்றால், சொல்லவில்லை. சொன்னால் தட்டுவதில் வேகம் இருக்காது என்று நினைத்தார்கள்.

அந்தக் கேமரா மாவு மெஷின் மாதிரி சத்தம் போடும். பக்கத்தில் ஜெனரேட்டர் வேறு. வழக்கமாக அடையாளத்துக்கு ஒரு டேப்பில் குரலைப் பிடித்து வைப்பார்கள், அதை வைத்துத்தான் நாங்கள் பேசுவோம். இந்தப் படத்துக்கு அதுவும் இல்லை. ஆக, அவள் பேசியது ஒருவர் காதிலும் விழவில்லை. இடுக்கு வழியாகப் பார்த்தவர்களுக்கு அவள் பிரமாதமாக நடிக்கிறாள். பிலிம் தீருகிற வரைக்கும் ஓட்டினார்கள். தீர்ந்தபிறகுதான் திறந்தார்கள். திறந்தவன் கையில் கொப்புளம் வந்ததாம்.

இதெல்லாம் நான் பார்த்ததில்லை. ஒலிப்பதிவு செய்த லாரன்ஸ் சொன்னது. நான் அங்கே இல்லை. இதைத் தெளிவாகப் பதிவு செய்துகொள். சம்பவ இடத்தில் நான் இல்லை.

நான் இருந்தது வடபழனியில், டப்பிங் தியேட்டரில். படத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒரு துண்டின் தலையையும் வாலையும் ஒட்டி வளையமாக்கி ஓட்டுவார்கள். லூப் என்போம். அதே அரை நிமிடம் திரும்பத் திரும்ப வரும். இருட்டில் நின்று வாயைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். நாலாவது சுற்றில் வசனம் என் வாய்க்கு வந்துவிடும். அந்த லூப்புக்குத் தாளில் எழுதியிருந்தது: ‘பேய்... பேய்... என்னை விட்டுவிடு...’ திரையில் அவள் வாய் அதைச் சொல்லவில்லை. புதுப்பெண், வசனத்தை மறந்திருப்பாள் என்று நினைத்தேன். புதுப்பெண்கள் மறப்பார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிறவர்கள்கூட உண்டு. அதற்கெல்லாம் நான் குரல் கொடுத்திருக்கிறேன், அவர்களுக்கு விருதும் கிடைத்திருக்கிறது.

ஏழாவது சுற்றில் தெரிந்துவிட்டது.

வாத்தியார் ஒரு பிரதியைத்தான் பார்த்தார். அதுவும் பழைய வீடியோ டேப்பிலிருந்து எடுத்தது, புகையும் கறுப்புமாக. நான் பார்த்தது பெரிய திரையில், சுத்தமான பிலிமில், நூற்றுக்கணக்கான முறை. ஒரு எழுத்து விடாமல் தெரிந்தது. உலகத்தில் அதைப் படித்தவள் நான் ஒருத்திதான்.

பரந்தாமன் சாரிடம் சொன்னேன். அப்படியே நேராகச் சொல்லவில்லை. “சார், வாய் வேற என்னவோ பேசுது” என்றேன். அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மைக்கில், “தாள்ல இருக்கறதப் பேசும்மா” என்றார். லாரன்ஸ் என்னைப் பார்த்தான். நான் லாரன்ஸைப் பார்த்தேன். அவன் குனிந்து ஏதோ ஒரு திருகைத் திருகினான். பேசினேன். பத்தொன்பதாவது டேக்கில் ஓகே ஆனது.

அந்தக் கத்தல் எப்படி அப்படி வந்தது என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். நான் எதையும் கற்பனை செய்யவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன், வந்துவிட்டது. முடிந்ததும் உள்ளே இருந்தவர்கள் கை தட்டினார்கள். எனக்குத் தியேட்டரில் கை தட்டியது அந்த ஒரு முறைதான்.

ஒரு உண்மை சொல்லட்டுமா? அன்றைக்கு உன் அம்மாவும் அங்கே இருந்தாள்.

அழாதே. தண்ணீர் குடி. சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். நீ கேட்டதால் சொல்கிறேன்.

கால் கட்டோடு வந்திருந்தாள். ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் துணி. அந்த ஒரு காட்சிக்காவது தன் குரலையே வைத்துக்கொள்ளட்டும் என்று கேட்க வந்தாள். தூத்துக்குடிப் பேச்சு வாடை அடிக்கிறது, கதாநாயகி பட்டணத்துப் பெண் என்று பரந்தாமன் சார் முடியாது என்றுவிட்டார். அதிலும் தப்பில்லை. அவள் போகவில்லை. பின்னால் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். பத்தொன்பது டேக்கையும் உட்கார்ந்து பார்த்தாள்.

வெளியே வந்தபோது வராந்தாவில் நின்றுகொண்டிருந்தாள். என்னைவிட எட்டு வயது சின்னவள். என் கையைப் பிடித்துக்கொண்டு, “அக்கா, ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்லா?” என்றாள்.

எனக்குப் புரிந்தது. புரியாமல் என்ன.

“ஒன் வாய் சரியா மூடல கண்ணு. அடுத்த படத்துல கவனமா இரு” என்றேன்.

இன்றைக்கும் அது தப்பான யோசனை இல்லை. தொழிலில் மூத்தவள் ஒருத்தி சின்னவளுக்குச் சொல்ல வேண்டியதைத்தான் சொன்னேன். அவள் கையை எடுத்துக்கொண்டாள். “சரிக்கா” என்றாள். அவ்வளவுதான். அடுத்த படம் அவளுக்கு வரவில்லை. ஊருக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். கல்யாணம் ஆகி, நீ பிறந்து, நன்றாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். நீ போனில் சொன்னாயே, உங்கள் வீட்டில் எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாளே கிடையாது, குளியலறைக்குக்கூடக் கயிறுதான் என்று. அதை நீ சொல்லியிருக்க வேண்டாம். நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. எனக்குச் சர்க்கரை இருக்கிறது, சாப்பிடாமல் இருக்கக்கூடாது.

இப்போது உன் பக்கத்தைச் சொல்கிறேன், சரியா என்று பார். படத்தைச் சுத்தம் செய்து தை மாதம் மறுபடி தியேட்டரில் விடப்போகிறார்கள். அதில் அந்தக் காட்சியை எடுக்க வேண்டும் என்கிறாய். அல்லது அவள் சொன்னதை எழுத்திலாவது கீழே போட வேண்டும் என்கிறாய். பரந்தாமன் சார் உன்னிடம், “அவ வசனத்தத்தான் பேசினா, வேணும்னா கொரல் குடுத்தவளக் கேளு” என்றார். நான் ஒரு வார்த்தை சொன்னால் உன் பக்கம் நிற்கும். வேறு சாட்சி இல்லை. லாரன்ஸ் போய்ச் சேர்ந்துவிட்டான்.

என் பக்கத்தையும் நீ கேட்க வேண்டும், கண்ணு. செவ்வாய்க்கிழமை நிகில் வந்தான். இதே கட்டிலில்தான் உட்கார்ந்தான். புதுப் பிரதியின் தொடக்கத்தில், தனி அட்டையாக, வேறு யார் பெயரும் இல்லாமல், ‘குரல்: எஸ். சாரதாமணி’ என்று வரப்போகிறது. மாதிரியை அவன் போனில் காட்டினான். வெள்ளை எழுத்து, கறுப்புப் பின்னணி. நாலு நொடி நிற்கும். நாலு நொடி என்பது எங்கள் கணக்கில் நீளம்.

அந்தக் காட்சி போனால் கத்தல் போகும். கத்தல் போனால் அந்த அட்டைக்கு என்ன வேலை? நீயே சொல்.

ஒரு தாள் நீட்டினான். ‘நடிகை எழுதப்பட்ட வசனத்தையே பேசினார்’ என்று இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டேன். இல்லை, அவன் மிரட்டவில்லை. அவன் நல்ல பையன், ஆப்பிள் வாங்கி வந்தான். நானாகத்தான் போட்டேன். ‘பேசினார்’ என்பதில் ஒரு எழுத்துப் பிழை இருந்தது, அதைத் திருத்திவிட்டுப் போட்டேன்.

எழுந்திருக்காதே. உட்கார். இவ்வளவு தூரம் ரயிலேறி வந்தவளை வெறுங்கையோடு அனுப்புகிறவள் இல்லை நான். நீ கேட்ட கேள்விக்குப் பதில் தருகிறேன். முதலில் அந்தப் பதிவை நிறுத்து. நிறுத்திவிட்டாயா? காட்டு. சரி.

இப்போது அந்தக் காட்சியைப் போடு. ஒரு மணி பன்னிரண்டாவது நிமிடம். சத்தத்தை முழுக்கக் குறைத்துவிடு. போனை இந்தத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வை, என் கண்ணுக்கு நேராக. இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம். நீ என்னைப் பார்க்காதே, அம்மாவைப் பார். நாற்பது வருஷமாக ஒருவரிடமும் சொல்லிப் பார்த்ததில்லை, ஆனால் மறக்கவில்லை. அவள் ஊர்ப் பேச்சிலேயே சொல்கிறேன்.

“சார். சார், சட்டி கவுந்துட்டு சார். தாழ்ப்பாள எடுங்க சார். சார்... கால்ல தீ புடிச்சிட்டு. சார். நடிக்கல சார். டேக் ஓகே ஆயிட்டுன்னா தொறங்க சார். சார்... சார்...”

பார்த்தாயா? ஒரு இடத்திலும் விலகவில்லை. ‘தாழ்ப்பாள’ என்கிற இடத்தில் உதடு எப்படி ஒட்டியது பார்த்தாயா. எனக்கு வயது எழுபது. இன்றைக்கும் பிசகவில்லை.

யாரிடமாவது நீ இதைச் சொன்னால், நான் சொல்லவில்லை என்றுதான் சொல்வேன். என்மேல் வருத்தப்படாதே. தாளில் கையெழுத்து இருக்கிறது.

என்ன கண்ணு? இன்னொரு தடவையா?

சொல்கிறேன். எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்கிறேன், இந்த அறைக்குள் சொல்வதற்கு எனக்கு என்ன. கண்ணைத் துடைத்துக்கொள், இல்லாவிட்டால் வாய் தெரியாது. கதவை அவள் தட்டத் தொடங்குகிற இடத்திலிருந்து போடு.